பிரிக்கவா, மாத்தவா: காதரோட தண்ணி லாரி

இப்போ புதுசா வர்ற லாரி பலதுக்குக் கிளட்ச் மிதியே கிடையாது. ரெண்டே மிதி. கியரை வண்டியே மாத்திக்கிடுது. அதுல என் ஓய்வு போச்சு. வேலையை விட்டுட்டு வீட்ல உக்கார்ந்திருக்குற மனுசனை, ராஜபாளையத்துல இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தும் மெக்கானிக்குகள் சரியா சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிடுதாங்க. "அண்ணாச்சி, ஆட்டோ கியர் பாக்ஸ் ஒண்ணு வந்திருக்கு. பழசு. பிரிச்சு வேலை பார்க்கவா, தூக்கிப் போட்டுட்டு வேற மாத்தவா?"

போன்ல என்னத்தைச் சொல்ல? சோத்துக் கையோட, "ஆயில் என்ன நிறத்துல இருக்கு?"ன்னு கேப்பேன். "இன்னும் பார்க்கலையே அண்ணாச்சி"ம்பாங்க. பக்கத்துல பரிமாறிக்கிட்டு இருக்குற என் வீட்டுக்காரி சிரிப்பா. இதே தப்பை நான் எம்புட்டுப் பெரிசாப் பண்ணினேன்னு அவளுக்குத் தெரியும். எங்க மெக்கானிக் சங்கத்துல மலர் போடுதாங்களாம், அனுபவத்தை எழுதிக் குடுங்கன்னு வந்து நின்னாங்க. சாதனையை எழுதுவேன்னு நினைச்சிருப்பாங்க. அதுக்கு வேற ஆளு இருக்கு. நான் அந்தத் தப்பை எழுதுதேன்.

எனக்குச் சொந்த ஊர் சோழபுரம். ஐடிஐ முடிச்சேன், ரெண்டு ஷெட்டுல வண்டி கழுவினேன், ஒருவழியா சுண்ணாம்புக்கல் குவாரி ஒர்க்‌ஷாப்புல இடம் கிடைச்சுது. கல்லு அள்ளுற பெரிய டம்பர்களுக்கு அந்தக் காலத்துலயே ஆட்டோ கியர்தான். ஊருக்குள்ள எந்த மெக்கானிக்கும் கண்ணால பார்க்காத சரக்கு. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் அங்கதான் வந்துச்சுன்னு வைங்க.

அங்க இருந்த ஃபோர்மேன் பேரு ராஜான்னு முடியும். ஆனா ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னு ராஜான்னு கூப்பிட்டா பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பாங்க. அதனால எங்களுக்கு அவரு ஃபோர்மேன்தான். குரலை உசத்த மாட்டாரு. நாம அவசரப்பட்டு ஸ்பேனரைத் தூக்குனா "ஆகு, ஆகு"ம்பாரு. அவரு வீட்ல பேசுற தெலுங்கு அது, நில்லுன்னு அர்த்தம். மத்தவங்க தமிழ்ல எம்புட்டு வைதாலும் தாங்கிக்கிடலாம். அந்த ரெண்டு 'ஆகு'வுக்கு ஸ்பேனர் தன்னால கீழ போயிரும்.

அவருகிட்ட ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு இருந்துச்சு. கியர் பாக்ஸ் வேலைன்னு வண்டி வந்தா, முதல்ல அந்தத் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுவாரு. ஆட்டோ கியருக்கு எண்ணெய்தான் எல்லாமே. எண்ணெய் அழுத்தத்துலதான் உள்ள இருக்குற கிளட்ச் பிளேட்டுகள் ஒண்ணோட ஒண்ணு இறுகும், வண்டி நகரும். அந்த எண்ணெயில நாலு சொட்டு தட்டுல விடுவாரு. நல்லா இருந்தா நன்னாரி சர்பத் மாதிரி செவேல்னு கிடக்கும். மோந்து பார்ப்பாரு. சோறு அடிப்பிடிச்ச வாடை வந்தா பிளேட்டு கருகியிருக்குன்னு கணக்கு. பொறவு தட்டை வெயில்ல சாய்ச்சுப் பிடிப்பாரு. கறுப்புத் தூசி மட்டும் தெரிஞ்சா பிளேட்டோட போச்சு, பிரிச்சுச் சரி பண்ணலாம். மினுக்கு மினுக்குன்னு இரும்புத் தூள் மின்னுனா பல்லும் பேரிங்கும் அரைபட்டாச்சு, அந்தப் பாக்ஸை மாத்துறதுதான் மரியாதை.

அம்புட்டையும் பார்த்துட்டும் வாயைத் திறக்க மாட்டாரு. எண்ணெய் குறைஞ்சிருந்தா எங்க போச்சுன்னு கேப்பாரு. அதுக்குப் பதில் வந்த பொறவு, "இந்த வண்டியை ஓட்டுறது யாரு?"ம்பாரு. இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம பிரிக்கணும், மாத்தணும்னு எவனாவது பேசுனா அன்னைக்கு முழுக்க அவன்கூடப் பேச மாட்டாரு.

இன்னொரு கூத்து. ராஜபாளையத்துல மெக்கானிக்னா கையில பஞ்சு வேஸ்ட் இருக்கும். மில்லு ஊராச்சே, கேட்டா அள்ளிக் குடுப்பாங்க. ஆனா ஆட்டோ கியருக்குள்ள ஒரு நூல் இழை போனாலும் வால்வு அடைச்சிரும். அதனால கியர் பாக்ஸ் பிரிக்கிற இடத்துக்குப் பஞ்சு வேஸ்ட்டோட யாரும் வரக் கூடாது. பஞ்சு ஊர்ல பொறந்து பஞ்சுக்குப் பயந்த ஒரே ஆளு அவருதான்னு முதுகுக்குப் பின்னால சிரிப்போம்.

அவரு ஓய்வு பெற்றுப் போனாரு. குவாரியில வேலை குறைஞ்சதும் நானும் வெளிய வந்து தென்காசி ரோட்டுல ஷெட்டு போட்டேன். அப்போதான் காதர் என்கிட்ட வந்தான்.

காதர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். என்னைவிடப் பத்துப் பன்னெண்டு வயசு சின்னவன். கேரளாவுக்கு லாரி ஓட்டிக்கிட்டு இருந்தவன். பைக் விபத்துல இடது முட்டி போயிருச்சு. நடப்பான், ஏறுவான், இறங்குவான், ஆனா லாரி கிளட்சை மிதிக்க அந்தக் கால் மடங்காது. மிதிச்சா கண்ணுல தண்ணி வந்துரும். ரெண்டு வருசம் அவன் பெஞ்சாதி ரஹிமா தைச்சுத்தான் குடும்பம் ஓடுச்சு. அந்தச் சமயம் பார்த்து, குவாரியில தூசி அடங்கத் தண்ணி தெளிக்கிற பழைய லாரி ஏலத்துக்கு வந்துச்சு. அதுக்கு ஆட்டோ கியர். இடது காலுக்கு வேலையே இல்லை. நான்தான் அவனுக்குச் சொல்லி எடுக்க வச்சேன். அன்னைக்கு அவன் சீட்டுல ஏறி உக்கார்ந்து, இடது காலை நீட்டிப் போட்டுக்கிட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! எனக்கே நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

வண்டியை என் ஷெட்டுலயே ஜோடிச்சோம். குவாரிக்காரங்க அங்கங்க எழுதி வச்சிருந்த கிறுக்கலையெல்லாம் மூடி, மேல இருந்து கீழ வரைக்கும் நீலப் பெயிண்ட். டாங்குல பெருசா 'குடிநீர்'. சாவியைக் கையில குடுக்கும்போது புத்தியும் சொன்னேன்.

"ஏலே காதர், காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி தண்ணி, எண்ணெய், காத்து மூணும் பார்த்துட்டுத்தான் சாவியைத் தொடணும். பார்க்காம எடுத்தேன்னு தெரிஞ்சுது, என் ஷெட்டுப் பக்கம் வரப்படாது."

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா சொன்னதுதான்"ன்னான்.

வண்டி நல்லா ஓடுச்சு. கல்யாண மண்டபம், கட்டட வேலை, ஹாஸ்டல்னு ரெண்டு ஊருக்கும் தண்ணி காதர்தான். ஆடிப்பூரத் தேருக்கு ரத வீதியில போடுற அன்னதானப் பந்தல்களுக்கும் அவன் வண்டிதான். வருசத்துக்கு ரெண்டு தடவை சர்வீசுக்கு வருவான். ஒவ்வொரு தடவையும் கியர் எண்ணெய் நாலு லிட்டர் குறைஞ்சிருக்கும். கீழ குனிஞ்சு பார்த்தா ஒழுகல் கிடையாது. எனக்குக் குழப்பம்தான். வயசான பாக்ஸ், எங்கயாவது உள்ளுக்குள்ள சீல் போயிருக்கும்னு நினைச்சுக்கிட்டு நாலு லிட்டர் ஊத்தி அனுப்புவேன். எங்க போச்சுன்னு கேட்டிருக்கணும். கேக்கலை.

மூணாவது வருசம், ஆடிப்பூரத்துக்கு ஒரு மாசம் இருக்கையில போன் வந்துச்சு. தேவதானத்துல ஒரு கல்யாண வீட்டுக்கு லோடு. கண்மாய்க்கரை ஏத்தத்துல என்ஜின் கத்துது, வண்டி நகரலை. "பின்னால போகுது அண்ணாச்சி, சக்கரத்துக்குக் கல்லு போட்டு நிறுத்தியிருக்கேன்"ன்னான். பாதித் தண்ணியை வயல்ல திறந்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஷெட்டுக்குக் கொண்டாந்து சேர்த்தோம்.

ஆளாளுக்கு யோசனை. பக்கத்து ஷெட்டுக்காரரு, "இந்தச் சனியனைக் கழட்டி எறிஞ்சிட்டு சாதா கியர் பாக்ஸ் போடுங்க. எந்தக் கடையிலயும் சாமான் கிடைக்கும். ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டட்டும்"ன்னாரு. காதர் முகம் சுண்டிப் போச்சு.

"என் வண்டியில நான் கிளீனரா உக்காரணுமா அண்ணாச்சி?"

"எவன் சொன்னான்? நான் இருக்கேன்லா"ன்னேன்.

எனக்கு வேற ஆசை. கம்ப்யூட்டர் வச்ச ஆறு கியர் ஆட்டோ பாக்ஸ் ஒண்ணு மதுரையில விலைக்கு இருக்குன்னு கேள்விப்பட்டிருந்தேன். அதை இந்தப் பழைய லாரியில ஏத்திட்டா எப்படி இருக்கும்! நம்ம பக்கம் ஒருத்தனும் பண்ணாத வேலை. எண்ணெய் அளவைக்கூட அதுவே காட்டும், அளவு கம்பியை உருவிப் பார்க்க வேண்டாம். வயரிங் புதுசா இழுக்கணும், நடு ஷாப்டை வெட்டி ஒட்டணும், சேஸ்ல தாங்கல் மாத்தணும். பழைய டயரியில படமே போட்டுட்டேன். பார்க்குறவன்கிட்டயெல்லாம் சொல்லியும் வச்சுட்டேன். காதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. "உங்களுக்குத் தெரியாததா?"ன்னான். இதுல என்ன வெக்கம்னா, அது வரைக்கும் அந்தப் பாக்ஸ்ல இருந்து நாலு சொட்டு எண்ணெயை எடுத்துக்கூட நான் பார்க்கலை. நாப்பது வருசத்து மெக்கானிக்!

மதுரைக்குப் போயி அதைப் பேசி முடிக்குறதுக்கு முந்தி, காதரைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவன் வீட்டுக்குப் போனேன். காலை எட்டு மணி இருக்கும். பால்கோவாப் பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு கேட்டைத் தள்ளினேன். பெரிய இரும்புக் கேட்டு, பழசு. சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டுத் திறந்துச்சு. தொழில் புத்தி, கீல்ல விரலை வச்சுப் பார்த்தேன். விரல்ல செவப்பா எண்ணெய். மோந்தேன். கியர் எண்ணெய்.

ரஹிமா காப்பியோட வந்துச்சு. "வாங்க அண்ணே. அவிய குளிக்காவ, செத்த நேரத்துல வந்துருவாவ."

"கேட்டுக்கு என்னம்மா எண்ணெய் போடுதிய?"

"அதுவா? அவிய வண்டியில இருந்து எடுக்குறதுதான். உங்ககிட்ட சர்வீசுக்குப் போயிட்டு வந்தாலே வண்டியில எண்ணெய் கூடிப் போயிருமாம். மறுநாள் காலையில டியூப்பைப் போட்டு உறிஞ்சி எடுத்துருவாவ. வீணாக்கப்படாதுன்னு கேன்ல பிடிச்சு வச்சிருக்காவ. என் தையல் மெஷினுக்கு, கேட்டுக்கு, கிணத்து ராட்டுக்கு எல்லாத்துக்கும் அதுதான். பாருங்களேன்."

மாடிப்படிக்கு அடியில அஞ்சு லிட்டர் கேன் வரிசையா நின்னுச்சு. ஒவ்வொண்ணுலயும் துணி சுத்தி, மூடி இறுக்கி, அம்புட்டுச் சுத்தம். நான் காப்பி டம்ளரைக் கீழ வச்சேன்.

விசயம் இதுதான். என்ஜின் எண்ணெயை வண்டி நின்னு கிடக்கும்போது பார்க்கணும். ஆட்டோ கியர் எண்ணெய் அதுக்கு நேர் எதிர். வண்டி நிக்கும்போது மேல இருக்குற எண்ணெயெல்லாம் கீழ இறங்கி, கம்பியில கோட்டுக்கு மேல காட்டும். என்ஜினை ஓடவிட்டு, சூடேறின பொறவு பார்த்தாத்தான் உண்மை அளவு. காதர் தினமும் ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி என்ஜினுக்கு ஒண்ணு, கியருக்கு ஒண்ணுன்னு ரெண்டு அளவு கம்பியையும் உருவிப் பார்த்திருக்கான். கியர் கம்பியில கூடுதலாக் காட்டியிருக்கு, எடுத்துட்டான். ஆறு மாசம் கழிச்சு என்கிட்ட வருவான், என்ஜினை ஓடவிட்டுப் பார்த்துட்டு நாலு லிட்டர் ஊத்துவேன். மறுநாள் அவன் அந்த நாலையும் எடுப்பான். நான் ஊத்த, அவன் எடுக்க, எண்ணெய் பத்தாம பிளேட்டு கருக. ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி எண்ணெயைப் பாருன்னு அவனுக்குச் சொன்னது யாரு? நான். ரெண்டு கம்பியில எதுன்னு சொல்லாம விட்டதும் நான்தான்.

உள்ளதைச் சொல்லிருதேன். அந்த நிமிசம் எனக்கு முதல்ல வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. மதுரைப் பாக்ஸைப் போட்டுட்டா இது யாருக்கும் தெரியாது. பழசு இரும்புக் கடைக்குப் போயிரும். புதுசுக்குக் கம்பி பார்க்கவே வேண்டாம்னு காதர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் பேரும் கெடாது, ஊர்ல இல்லாத வேலை பண்ணினவன்னு பட்டமும் கிடைக்கும். இப்படியெல்லாம் யோசிச்சுக்கிட்டு இருக்கையில, தலையைத் துவட்டிக்கிட்டுக் காதர் வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். "கிளம்புவோமா அண்ணாச்சி? மதுரைக்கு இப்போ பஸ் இருக்கு"ன்னான்.

என் காதுக்குள்ள "ஆகு, ஆகு"ன்னு கேட்டுச்சு. சத்தியமாச் சொல்லுதேன், கேட்டுச்சு.

"மதுரைக்குப் போகலை. உக்காருலே"ன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன்.

காதர் அந்தக் கேன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "தேவதானத்துல வண்டி பின்னால உருளும்போது, பின்னாடி கல்யாண வீட்டுப் பிள்ளைக நின்னுச்சுக அண்ணாச்சி"ன்னான். "ரெண்டு வருசமா என் கையாலயே என் வண்டியைக் கெடுத்திருக்கேன்."

"உன் கை இல்லை காதர். நான் சொன்னதைத்தானே நீ செஞ்ச. தப்பு என்னுது."

"ஆமா. உங்க தப்புத்தான்"ன்னான். அவன் அப்படிப் பட்டுன்னு சொன்னது எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. எந்திரிச்சு உள்ள போயிட்டான். நான் பால்கோவாப் பொட்டலத்தை அப்படியே வச்சுட்டு பஸ் ஏறிட்டேன்.

ஷெட்டுக்கு வந்ததும் வீட்ல இருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கொண்டாரச் சொன்னேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். நாலு சொட்டு விட்டேன். காப்பித் தூள் நிறம், அடிப்பிடிச்ச வாடை. தட்டைத் தூக்கி வெயில்ல சாய்ச்சேன். கறுப்புத் தூசி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மின்னலை. ஒரு பொட்டு இரும்புகூட மின்னலை! ஒத்தையில நின்னு சத்தமாச் சிரிச்சேன். பக்கத்து ஷெட்டுக்காரரு எட்டிப் பார்த்துட்டு, "என்ன அண்ணாச்சி, வெயிலு அதிகமோ?"ன்னாரு.

பிரிக்கிறதுதான்னு முடிவாச்சு. காதர் வீட்டுக்குப் போன் போட்டு ரஹிமாகிட்ட சொல்லி வச்சேன். மறுநாள் காலையில ஷெட்டைத் திறந்தா, காதர் வாசல்ல நிக்கான், கையில ஒரு பை. "பஞ்சு ஆகாதுன்னு சொல்வீங்கல்லா. ரஹிமா பழைய பாலியஸ்டர் சேலையெல்லாம் துவைச்சுக் குடுத்துவிட்டுருக்கா"ன்னான். எனக்கு அது போதும்.

பாக்ஸை இறக்கி, அடித்தட்டைக் கழட்டி, கழட்டினது ஒவ்வொண்ணையும் சேலை மேல வரிசையா அடுக்கினோம். நீலச் சேலையில வால்வு, பச்சைச் சேலையில பிளேட்டு. பல்லெல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஒரே ஒரு செட்டுக் கிளட்ச் பிளேட்டு மட்டும் தோசைக்கல்லு மாதிரி கறுத்துக் கிடந்துச்சு. புதுப் பிளேட்டுகளை ஒரு பகல் முழுக்க எண்ணெயில ஊறப் போட்டேன். ரப்பர் சீல் அத்தனையும் மாத்தினேன். வாஷர் நழுவாம இருக்க வாசலின் தடவி ஒட்டவச்சேன். பூட்டின பொறவு காத்து அடிச்சுப் பார்த்தா, 'டப்'புன்னு பிளேட்டு இறுகுற சத்தம் ஒரே சீரா வரணும். காதர் காதை வச்சுக் கேட்டான். "இதுதானா?"ன்னான். "இதேதான்"ன்னேன். அப்போதான் ரெண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கிட்டோம்.

கடைசியில, எண்ணெயை எப்போ பார்க்கணும்னு எழுதி வைக்கலாம்னு கியர் கம்பிப் பக்கத்துல நீலப் பெயிண்ட்டை பிளேடால சுரண்டினேன். அடியில மஞ்சள் எழுத்து. 'ஓடும்போது பார்.' ஃபோர்மேன் கையெழுத்து. குவாரியில அவரு எழுதி வச்சிருந்ததைக் கிறுக்கல்னு நினைச்சு மூடினதும் நான்தானே! தலையில அடிச்சுக்கிட்டேன். காதர் அன்னைக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சான். "உங்களை ஃபோர்மேன் பார்த்தா ஒரு மாசம் பேச மாட்டாரு"ன்னான்.

டாங்கு நிறைய தண்ணியோட தேவதானம் போனோம். அதே கண்மாய்க்கரை ஏத்தம். அடிவாரத்துல காதர் வண்டியை நிறுத்திட்டான். உதடு என்னவோ முணுமுணுத்துச்சு. பிரேக்கை விட்டான், ஆக்சிலேட்டரை மிதிச்சான். வண்டி ஒரு இம்மிகூடப் பின்னால போகலை. மேல ஏறி நின்னதும் ஸ்டியரிங்கில தலையை வச்சுக்கிட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். என் கண்ணுலயும் தண்ணி, அதை அவன் எதுக்குப் பார்க்கணும்?

ஆடிப்பூரத்தன்னைக்கு ரத வீதியில கூட்டத்துக்கு நடுவுல அந்த நீல லாரி நின்னுச்சு. காதர் இடது காலை நீட்டிப் போட்டு உக்கார்ந்திருந்தான். மதுரைப் பாக்ஸ் என்னாச்சுன்னு அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்குக் கேலி பண்ணினாங்க. பண்ணட்டும்.

கொஞ்ச மாசம் கழிச்சு அவன் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் தள்ளினா, தெருவே திரும்பிப் பார்க்குற மாதிரி கிரீச்சுன்னு ஒரு கத்து. எனக்கு உடம்பெல்லாம் குளுந்து போச்சு. ரஹிமா வாசலுக்கு ஓடி வந்து, "பார்த்தீயளா அண்ணே, கேட்டு படுத்துற பாட்டை! அவிய வண்டியில இருந்து ஒரு சொட்டு எண்ணெய் தர மாட்டேங்காவ"ன்னு குறை சொல்லுச்சு.

நான் கேட்டைச் சாத்திட்டு, இன்னொரு தடவை திறந்தேன்.